இந்திய அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான இட ஒதுக்கீடும் பயன்களும்

இந்திய அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான இட ஒதுக்கீடு என்பது, நடுவண் அரசு, மாநில அரசுகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் நேரடி நியமனங்களில் குறைந்தது 4 விழுக்காட்டு இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் சட்டப்படியான ஏற்பாடு ஆகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதற்கு அடிப்படையாக உள்ளது. இட ஒதுக்கீட்டுடன் வயது வரம்புத் தளர்வு, தேர்வுக் கட்டண விலக்கு, தேர்வில் கூடுதல் நேரம், பணியில் சேர்ந்தபின் கிடைக்கும் படிகளும் பாதுகாப்பும், வேலை கிடைக்காதோருக்கான உதவித்தொகை, சுயதொழில் கடன் ஆகியவையும் இவ்வேற்பாட்டைச் சேர்ந்தவை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். இது மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. தமிழ்நாட்டில் இவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 11.8 இலட்சம். தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்று (2018), 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் 22.8 விழுக்காட்டினர் மட்டுமே ஏதேனும் ஒரு வேலையில் இருந்ததாகக் கூறுகிறது. அதே ஆய்வு அவர்களுடைய வேலையின்மை வீதம் 4.2 விழுக்காடு மட்டுமே என்றும் கூறுகிறது. இவ்விரண்டும் முரண்படுவது போலத் தோன்றலாம். வேலையின்மை வீதம் என்பது வேலை தேடுவோரையும் வேலையில் இருப்போரையும் மட்டுமே கொண்டு கணக்கிடப்படுவது. வேலை கிடைக்காது என்று முன்பே முடிவுசெய்து தேடுவதையே நிறுத்திவிட்டவர் அக்கணக்கில் வருவதில்லை. ஆகவே 4.2 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நிலைமை நன்றாக உள்ளது என்று எழுதுவது தவறாகும். நான்கில் மூன்று பேருக்கும் மேல் உழைப்புச் சந்தைக்கு வெளியே உள்ளனர் என்பதே உண்மை நிலை.

சொல்லும் சட்டமும்

தமிழ்நாட்டில் "ஊனமுற்றோர்" என்று வழங்கிய சொல் 2010இல் அரசு வழக்கில் "மாற்றுத்திறனாளிகள்" என மாற்றப்பட்டது. பழைய அரசாணைகளையும் சான்றிதழ்களையும் தேடுவோர் முந்தைய சொல்லையும் அறிந்திருப்பது பயன்தரும். 2015க்குப் பிறகு நடுவண் அரசு "திவ்யாங்ஜன்" என்ற சொல்லைப் பயன்படுத்தி வருகிறது. பெயர்கள் வேறானாலும் சட்டம் குறிக்கும் மக்கள் ஒருவரே.

நடுவண் அரசில் சி, டி பிரிவுப் பணிகளுக்கு 1977 முதல் 3 விழுக்காடு ஒதுக்கீடு நிருவாக ஆணை வழியாக இருந்தது. ஆணையாக மட்டும் இருந்ததால் அதனை உரிமையாகக் கோர இயலவில்லை. 1995இல் இயற்றப்பட்டு 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் இதனை எல்லாப் பிரிவுகளுக்கும் உரிய சட்டக் கடமையாக்கியது. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, உடல் இயக்கக் குறைபாடு ஆகிய மூன்றுக்கும் தலா 1 விழுக்காடு கிடைத்தது.

2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஒதுக்கீடு 4 விழுக்காடாக உயர்ந்தது. பார்வையின்மையும் குறைபார்வையும் உடையோருக்கு 1, காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் 1, பெருமூளை வாதம், தொழுநோயிலிருந்து குணமடைந்த நிலை, குள்ளத்தன்மை, அமிலவீச்சுப் பாதிப்பு, தசைச்சிதைவு நோய் உள்ளிட்ட உடல் இயக்கக் குறைபாடுடையோருக்கு 1 என மூன்று விழுக்காடு பிரிகிறது. நான்காவது விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றை உடையோரும் பல்வகைக் குறைபாடு உடையோரும் பகிர்ந்துகொள்கின்றனர். இவ்வளவு வேறுபட்ட பிரிவினரை ஒரே விழுக்காட்டில் அடைத்தது இச்சட்டத்தின் நெருக்கமான இடம் என்றே சொல்ல வேண்டும்.

ஒதுக்கீடு பெற "நிர்ணயிக்கப்பட்ட குறைபாடு" இருக்க வேண்டும். அதாவது, குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவக் குழு அல்லது அதிகாரம் பெற்ற மருத்துவர் சான்றளித்திருக்க வேண்டும். தற்போது இச்சான்று தனித்துவ அடையாள அட்டையாக (யு.டி.ஐ.டி.) வழங்கப்படுகிறது. 40க்குக் குறைவானோருக்கு வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80க்கு மேல் நீலம் என அட்டையில் வண்ணக் குறியீடு உண்டு. பள்ளி இறுதி வகுப்பிலேயே இந்த அட்டையைப் பெற்றுவிடுவது நல்லது. தேர்வு அறிவிப்பு வந்தபின் சான்றுக்கு அலைந்து கடைசி நாளைத் தவறவிடும் மாணவர்கள் பலர்.

கிடைநிலை ஒதுக்கீடு

மாணவர்களிடையே மிகுதியாகக் குழப்பம் உண்டாக்கும் பகுதி இது. சாதி அடிப்படையிலான ஒதுக்கீடு செங்குத்து ஒதுக்கீடு எனப்படும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு அதனைக் குறுக்காக வெட்டிச் செல்வதால் கிடைநிலை ஒதுக்கீடு எனப்படும். இவ்விரு சொற்களும் 1992இல் உச்ச நீதிமன்றம் அளித்த இந்திரா சகானி வழக்கின் தீர்ப்பால் நிலைபெற்றவை.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். தமிழ்நாட்டில் 100 இடங்கள் நிரப்பப்படுகின்றன எனில் பொதுப் போட்டிக்கு 31, பிற்படுத்தப்பட்டோருக்கு இசுலாமியர் உட்பட 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உட்பட 18, பழங்குடியினருக்கு 1 என்று இடங்கள் பிரியும். இவற்றின் கூட்டுத்தொகையே 100 ஆகிவிட்டது. அப்படியானால் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 இடங்கள் எங்கிருந்து வரும்? அவை தனியாக எடுத்து வைக்கப்படுவதில்லை. மாற்றுத்திறனாளிகளுள் தேர்வான நால்வரும் அவரவர் சமூகப் பிரிவின் கட்டத்திற்குள் அமர்த்தப்படுகின்றனர். நால்வரில் இருவர் பிற்படுத்தப்பட்டோர், ஒருவர் பட்டியல் சாதியினர், ஒருவர் எந்த ஒதுக்கீட்டுப் பிரிவையும் சேராதவர் எனில், முறையே 30இல் இரண்டும் 18இல் ஒன்றும் 31இல் ஒன்றும் அவர்களால் நிரம்பும். மொத்தம் 100 என்பது மாறாது. இதனாலேயே ஒதுக்கீட்டின் மொத்த அளவு கூடிவிடும் என்ற எதிர்வாதம் இங்குப் பொருந்துவதில்லை.

பிறரைப் போலவே வயதுத் தளர்வோ மதிப்பெண் தளர்வோ பெறாமல் தகுதிப் பட்டியலில் இடம்பெறும் மாற்றுத்திறனாளி, நடுவண் அரசு விதிகளின்படி இந்த 4 விழுக்காட்டில் கணக்கிடப்படமாட்டார். அவர் பெற்ற இடம் அவருடைய சொந்தத் தகுதியால் வந்தது. ஒதுக்கீட்டு இடம் வேறொருவருக்குக் கிடைக்கும்.

எந்த வரிசையில் இடம் தருவது என்பதற்குச் சுழற்சிப் பதிவேடு உண்டு. நடுவண் அரசில் 100 புள்ளிகள் கொண்ட பதிவேட்டில் 1, 26, 51, 76 ஆகியவை மாற்றுத்திறனாளிகளுக்கு உரியவை (2018 சனவரி ஆணை). 3 விழுக்காடாக இருந்தபோது இவை 1, 34, 67 என்று இருந்தன. முதற்புள்ளியே ஒதுக்கப்பட்டிருப்பது தற்செயலானதன்று. ஆண்டுக்கு இரண்டு மூன்று பேரையே நியமிக்கும் சிறிய அலுவலகம் "எங்களிடம் நூறு இடங்கள் வரும்போது தருகிறோம்" என்று காலம் கடத்த முடியாதபடி இது அமைந்துள்ளது.

தகுதியானவர் கிடைக்காத ஆண்டில் அந்த இடத்தைப் பிறருக்குத் தந்துவிட முடியாது. அடுத்த நியமன ஆண்டுக்கு அதனைக் கொண்டுசெல்ல வேண்டும். அப்போதும் அந்தப் பிரிவில் எவரும் இல்லையெனில் மாற்றுத்திறனாளிகளின் பிற பிரிவுகளுக்குள் மாற்றித் தரலாம். அவ்வாறும் நிரப்ப இயலாதபோதுதான் பொதுவானவரை நியமிக்கச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இடமளிக்கிறது. நிரப்பப்படாமல் சேர்ந்துவரும் இவ்விடங்கள் பின்னடைவுக் காலியிடங்கள் எனப்படும்.

பணியிடங்களை அடையாளம் காணல்

எந்தப் பணியை எந்த வகைக் குறைபாடுடையவர் செய்ய முடியும் என்று அரசு பட்டியலிட வேண்டும் என்பது சட்டத்தின் 33ஆம் பிரிவு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது இப்பட்டியலை மறுபார்வை செய்ய வேண்டும். 2021 சனவரி 4 அன்று வெளியான நடுவண் அரசின் பட்டியலில் 3,566 பணியிடங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றுள் ஏ பிரிவில் 1,046, பி பிரிவில் 515, சி பிரிவில் 1,724, டி பிரிவில் 281.

தேர்வு அறிவிப்புகளில் பணியின் பெயருக்கு எதிரே சில சுருக்கெழுத்துகளைக் காணலாம். "ஓ.ஏ." ஒரு கை பாதிப்பையும், "ஓ.எல்." ஒரு கால் பாதிப்பையும், "பி.எல்." இரு கால்கள் பாதிப்பையும், "எல்.வி." குறைபார்வையையும், "எச்.எச்." செவித்திறன் குறைவையும் குறிக்கும். இவற்றுடன் அமர்தல், நிற்றல், நடத்தல், குனிதல், பார்த்தல், கேட்டல், படித்தல், எழுதுதல் என அப்பணிக்குத் தேவையான செயல்திறன்களும் எழுத்துகளால் குறிக்கப்படும். விண்ணப்பிக்கும் முன் இந்த இரண்டு கட்டங்களையும் படிக்க வேண்டும். தம் குறைபாட்டு வகை அப்பணிக்கு ஏற்கப்பட்டுள்ளதா என்று பாராமல் விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் வென்றபின் மருத்துவப் பரிசோதனையில் நிறுத்தப்படுவது மிகுந்த வேதனை தருவது.

வழிகாட்டியாக இருக்க வேண்டிய இப்பட்டியலே நீண்ட காலம் தடைச்சுவராகவும் பயன்பட்டது. அடையாளம் காணப்படாத பணியில் ஒதுக்கீடு இல்லை என்றும், அடையாளம் காண்பதற்கு முந்தைய ஆண்டுகளுக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்றும் அரசுத் தரப்பு வாதிட்டது. குடிமைப் பணித் தேர்வில் வென்ற பார்வையற்றவர் ஒருவர் தொடர்ந்த ரவி பிரகாஷ் குப்தா வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்க மறுத்தது. அரசு தன் கடமையைச் செய்யாததையே காரணமாகக் காட்டி ஒருவரின் உரிமையை மறுக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அடுத்த சிக்கல் கணக்கிடும் முறையில் இருந்தது. ஏ, பி பிரிவுகளில் அடையாளம் காணப்பட்ட பணியிடங்களின் காலியிடங்களுக்கு மட்டுமே 3 விழுக்காடு கணக்கிடப்பட்டது. ஒரு துறையில் 1,000 காலியிடங்கள் இருந்து, அவற்றுள் 300 மட்டும் அடையாளம் காணப்பட்டவை என்று கொள்வோம். 30 பேருக்குக் கிடைக்க வேண்டிய வேலை இக்கணக்கால் 9 பேருக்கே கிடைக்கும். தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடர்ந்த வழக்கில் 2013 அக்டோபர் 8 அன்று தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு இதற்கு முடிவு கட்டியது. எல்லாப் பிரிவுகளிலும் மொத்தக் காலியிடங்களைக் கொண்டே விழுக்காட்டைக் கணக்கிட வேண்டும் என்றும், 50 விழுக்காடு உச்சவரம்பு இவ்வொதுக்கீட்டைத் தடுக்காது என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஈரோடு மாவட்டத்தில் பிறந்த நீதிபதி சதாசிவம் எழுதிய இத்தீர்ப்பின் கருத்து, "மொத்தக் காலியிடங்கள்" என்ற சொற்களாகவே 2016 சட்டத்தில் இடம்பெற்றது.

தடைகள் தளர்ந்தபோது என்ன நடந்தது என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் ஒரு சான்று. முழுமையாகப் பார்வையற்ற அவர் பாரத ஸ்டேட் வங்கியில் பயிற்சி அதிகாரியாக இருந்து, குடிமைப் பணித் தேர்வில் வென்று 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையின்மை உடைய ஒருவர் அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதன்முறை.

நீதித்துறைப் பணி இன்னும் மெதுவாகவே திறந்தது. தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதி பணிக்குப் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காடு வரை உள்ளவர்களே விண்ணப்பிக்கலாம் என்ற வரையறையை 2019இல் உச்ச நீதிமன்றம் சரியென்றது. நியாயமான தகவமைப்பு என்ற கோட்பாட்டை அத்தீர்ப்பு கருதிப் பார்க்கவில்லை என்று 2021இல் மற்றோர் அமர்வு சுட்டிக்காட்டியது. 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர், பார்வைக் குறைபாட்டை மட்டும் காரணமாகக் கொண்டு எவரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்க முடியாது என்று தீர்ப்பளித்து, அவ்வாறு விலக்கிய மத்தியப் பிரதேச விதியை நீக்கினர்.

விலக்குகளும் உள்ளன. படைத்துறையின் போர்ப்பிரிவினர்க்கு ஒதுக்கீடு பொருந்தாது. இந்தியக் காவல் பணி, ரயில்வே பாதுகாப்புப் படை முதலியவை 2021 ஆகஸ்டில் விலக்களிக்கப்பட்டன.

தேர்வுச் சலுகைகள்

நடுவண் அரசின் நேரடி நியமனங்களில் உச்ச வயதுவரம்பு பொதுப் பிரிவினருக்கு 10 ஆண்டும், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 13 ஆண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 15 ஆண்டும் தளர்த்தப்படுகிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் 10 ஆண்டுத் தளர்வும் முழுக் கட்டண விலக்கும் உண்டு. குடிமைப் பணித் தேர்வைப் பொதுப் பிரிவு மாற்றுத்திறனாளிகள் 9 முறை எழுதலாம். பிறருக்கு இது 6 முறை.

தாமே எழுத இயலாதோர் "சொல்வதை எழுதுபவர்" ஒருவரின் துணையைப் பெறலாம். 2018 ஆகஸ்டு வழிகாட்டுதலின்படி ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு இதனால் நான்கு மணி நேரமாகும். எழுத்துத் தசைப்பிடிப்பு நோயுள்ள ஒருவருக்கு 40 விழுக்காடு குறைபாடு இல்லை என்று இத்துணை மறுக்கப்பட்டபோது, விகாஷ் குமார் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டுக்கு உரிய 40 விழுக்காடு என்ற அளவைத் தேர்வு வசதிக்கும் நிபந்தனையாக்கக் கூடாது என்றது. இதைத் தொடர்ந்து 40 விழுக்காட்டுக்குக் குறைவானோருக்கும் வழிகாட்டுதல்கள் 2022 ஆகஸ்டில் வெளியாயின. இச்செய்தி பல தேர்வு மையங்களை இன்னும் சென்றடையவில்லை. மாணவர்கள் அவ்வாணையின் படி ஒன்றைக் கையில் வைத்திருப்பது உதவும்.

பணியில் சேர்ந்த பின்

நடுவண் அரசு ஊழியரான மாற்றுத்திறனாளிக்குப் போக்குவரத்துப் படி பிறருக்குள்ளதைப் போல் இரு மடங்காக வழங்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிப் பெண் ஊழியருக்குக் குழந்தை பிறந்தது முதல் இரண்டு வயது வரை குழந்தை வளர்ப்புக்கான சிறப்புப் படி உண்டு; 2017 சூலையில் இது மாதம் 3,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது.

பதவி உயர்விலும் ஒதுக்கீடு உண்டா என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. 2016இல் ராஜீவ் குமார் குப்தா வழக்கிலும், 2020இல் சித்தராஜு வழக்கிலும், 2021இல் கேரளத்தின் லீசம்மா ஜோசப் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. ஏ பிரிவின் முதல் படிநிலை வரையிலான பதவி உயர்வுகளில் 4 விழுக்காடு ஒதுக்கும் ஆணையை நடுவண் அரசு 2022 மே 17 அன்று வெளியிட்டது.

பணிக்காலத்தில் விபத்தாலோ நோயாலோ குறைபாடு நேர்ந்தவருக்கான பாதுகாப்பு பலரும் அறியாதது. 20ஆம் பிரிவின்படி அரசு நிறுவனம் அவரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. செய்துவந்த வேலையைத் தொடர இயலாதெனில் அதே ஊதியமுள்ள வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அத்தகைய இடம் இல்லையெனில், இடம் கிடைக்கும் வரையோ ஓய்வுபெறும் வரையோ மிகைப் பணியிடம் ஒன்றில் வைத்து ஊதியம் வழங்க வேண்டும். பார்வையோ காலோ இழந்த ஊழியர் இதனை அறியாமல், உடனிருப்போர் சொல்கேட்டு விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டால் மீட்பது கடினம். குடும்பத்தினர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவு இதுவே.

அரசுப் பணிக்கு வெளியே

தனியார் துறைக்கு ஒதுக்கீடு கட்டாயம் இல்லை. பணியாளர்களுள் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி செய்ய அரசு ஊக்கம் அளிக்கலாம் என்று மட்டுமே 35ஆம் பிரிவு கூறுகிறது. 2008 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தில், 25,000 ரூபாய் வரை மாத ஊதியம் பெறும் மாற்றுத்திறனாளிக்காக வேலையளிப்பவர் செலுத்த வேண்டிய சேமநிதி, ஊழியர் காப்பீட்டுப் பங்குகளை முதல் மூன்றாண்டுகளுக்கு அரசே ஏற்றது. இருபது பேருக்கு மேல் பணிபுரியும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும்.

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஓராண்டு காத்திருக்கும் மாற்றுத்திறனாளிக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை வழங்கப்படுகிறது. பத்தாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மாதம் 600, மேல்நிலைக் கல்வி முடித்தவர்களுக்கு 750, பட்டதாரிகளுக்கு 1,000 ரூபாய் எனப் பத்தாண்டுகள் வரை கிடைக்கும். பிறருக்கு இக்காத்திருப்பு ஐந்தாண்டு; உதவியும் மூன்றாண்டுகளுக்கே. சென்னை கிண்டியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான நடுவண் அரசின் தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம் தொழிற்திறன் மதிப்பீட்டையும் பயிற்சியையும் அளிக்கிறது. சுயதொழில் தொடங்குவோருக்கு 1997இல் நிறுவப்பட்ட தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகம், மாநில முகவர் அமைப்புகள் வழியாகக் குறைந்த வட்டியில் கடன் தருகிறது.

முறையீடு

ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் (பிரிவு 23). அங்குத் தீராதவற்றை நடுவண் அரசுப் பணி எனில் புதுதில்லியிலுள்ள தலைமை ஆணையரிடமும், மாநிலப் பணி எனில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். சட்டத்தை மீறுவோருக்கு முதல்முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 முதல் 5 இலட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு வகைசெய்கிறது. முறையீட்டுடன் தேர்வு அறிவிப்பின் நகல், யு.டி.ஐ.டி. அட்டையின் நகல், மறுப்புக் கடிதம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மறுப்பு வாய்மொழியாக மட்டும் சொல்லப்பட்டிருந்தால், அதற்கான காரணத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் முதலில் எழுத்தில் பெற்றுக்கொள்வது நடைமுறையில் பயனளிக்கும் வழியாகும்.